கழுதை வந்த கட்டம்

பதினோரு மணிக்கு எல்டொரெட் மைதானத்தில் பத்தாயிரம் மீட்டர் தேர்வு ஓட்டம். முதலில் வரும் மூன்று பேருக்குத்தான் நாட்டு அணியின் சட்டை. சிர்ச்சிரோ ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மைல் தள்ளி, பெண் வீட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். சிர்ச்சிர் என்பது அவசரமாகப் பிறந்தவனுக்கு வைக்கும் பெயர்.

பெண்ணின் அப்பா அரப் மாய்யோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிந்து, சுரைக்குடுக்கையிலிருந்து புளித்த பாலைக் கொடுத்தால்தான் மகள் ஜெரோப் அவனுக்கு. பாதியில் எழுந்து போனால் சம்பந்தம் முறிந்தது. முன்பு ஒருவன் அப்படிப் போய்ப் பாதிரியாராகிவிட்டான்.

சிர்ச்சிரின் பாதங்கள் சும்மா இருக்கவில்லை. முக்காலிக்குக் கீழே மண்ணில் இரண்டு குழி விழுந்துவிட்டது.

"மாமா, மணி ஒம்பதே கால்..."

"இரு மாப்ளே. இப்பத்தான் எங்க தாத்தா அடுத்த ஊரு மாட்ட ஓட்டிட்டு வர்ற இடம். அதுலதான நம்ம ஆளுங்களுக்கு ஓட்டமே வந்துச்சு!"

ஒன்பதே முக்காலுக்கு வெள்ளைக்காரன் பள்ளிக்கூடப் பந்தயம் வந்தது. கதையில் மெக்சிகோ ஒலிம்பிக் தங்கத்துக்கு இன்னும் முப்பது வருஷம் இருந்தது. அந்தத் தங்கத்தை ஒட்டித்தான் மாய்யோவின் சொந்த ஓட்டம். சந்தையிலும் சர்ச் வாசலிலும் அந்தக் கட்டத்தை மட்டும் சிர்ச்சிர் ஒன்பது முறை கேட்டிருக்கிறான்.

சிர்ச்சிர் எழுந்து ஓடினான்.

பின்னால் காலடி கேட்டது. கோட்டு, தொப்பி, கையில் குடுக்கையோடு மாய்யோ.

"கதை பாதில நிக்குது, எங்கடா போற?"

"எங்க நிக்குது? கூடவே வருதே! சொல்லுங்க மாமா, கேட்டுக்கிட்டேதான் ஓடுறேன்!"

மாய்யோ யோசித்தார். எழுந்து போகக் கூடாது என்பதுதானே வழக்கம்? மாப்பிள்ளை எங்கே போனான், பக்கத்தில்தான் இருக்கிறான்.

வழியில் மேடு ஏறும்போது கதையில் பட்டாளத்துப் பந்தயங்கள் வந்தன. பாலத்தில் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது. குடுக்கையிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை என்கிறார்கள். பொய். இரண்டு சொட்டு சிந்தியது.

பதினோரு மணிக்கு மைதானத்தில் தொடக்கத் துப்பாக்கி வெடித்தது. மாய்யோ புல்தரை ஓரமாகக் கூடவே ஓடினார். தடுக்க வந்த அதிகாரி இரண்டு சுற்று உடன் ஓடிவிட்டு, "அப்புறம் என்னாச்சு பெரியவரே?" என்றார்.

கடைசிச் சுற்றில் சிர்ச்சிர் நாலாவது. முன்னால் இருந்த மூன்று பேரும் கதை காதில் விழும் தூரத்தைத் தாண்டிப் போக மனமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மெக்சிகோவுக்கு ஆள் எடுக்குறாங்க. கடைசி வளைவு. நான்தான் மொதல்ல. பின்னால யாரோ மூச்சு வாங்குற சத்தம்." மாய்யோ குரலைத் தாழ்த்தினார். "திரும்பிப் பாத்தேன்!"

மூன்று தலைகளும் திரும்பின.

சிர்ச்சிர் திரும்பவில்லை. அங்கே வந்தது கழுதை என்பது அவனுக்கு ஒன்பது முறை தெரியும். மூன்று பேரையும் தாண்டி முடிவுக் கோட்டைத் தொட்டான்.

குடுக்கைக்குக் கை நீட்டினான். மாய்யோ அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கழுதை வர்றதுக்கு முன்னாடியே நீ முடிச்சிட்டியே! உக்காரு. முதல்லேர்ந்து சொல்றேன்."

சாயங்காலம் ஆறு மணிக்குப் பால் கிடைத்தது. புல்தரையில் விழுந்த இரண்டு குழிகளை மூட மறுநாள் மூன்று வண்டி மண் பிடித்தது.