ஞாயிற்றுக்கிழமைச் சாலை

உலிசெஸ் எழுந்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை. முந்தின நாள் பிடித்து வைத்த வாளியில் முகம் கழுவிச் சவரம் செய்தான். காபி போட்டான். மிச்சமிருந்த இனிப்பு ரொட்டியை அதில் நனைத்துத் தின்றான். வீடு கட்டி விற்கிற கம்பெனியின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டான். வாசலருகே மனைவி யரெட்சியின் செருப்பு கிடந்தது. அதைத் தாண்டிப் போய்க் கதவைப் பூட்டினான்.

பக்கத்து வீடு காலி. அதற்கடுத்ததும் காலி. ஜன்னல் சட்டத்தைக்கூட யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். தெரு முடிகிற இடத்தில் புது வரிசை எழும்பியிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கம்பெனி வேன் உண்டு. மெக்சிகோ நகரத்தின் மெட்ரோ முடிகிற இடத்தில் போய் நின்று, வீடு பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொள்ளும். அன்றைக்கு நெடுஞ்சாலை காலியாக இருக்கும். பேசிக்கொண்டே வந்தால் நேரம் போவது தெரியாது. முக்கால் மணியில் லாஸ் மகேயெஸ் குடியிருப்பு வந்துவிடும். மற்ற நாட்களில் அதே சாலைக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும். மற்ற நாட்களில் வேன் ஏன் இல்லை என்று வந்தவர்கள் யாரும் கேட்டதில்லை.

யரெட்சியை அவன் அப்படித்தான் கூட்டி வந்தான், கல்யாணத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளும் கேட்கவில்லை. இருவர் சம்பளத்தையும் காட்டி வீட்டுக்குக் கடன் வாங்கினார்கள்.

அவளுக்கு நகரத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு ஏழு மணிக்கே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் விடிகாலை நாலு மணிக்கெல்லாம் கோம்பி என்கிற மினிபஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். திரும்பி வரும்போதும் இருட்டிவிடும். அவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. விற்பனை அலுவலகம் நடக்கிற தூரம்.

முதல் வருடம் வீட்டு விலை ஏறியது. விற்றுவிட்டு நகரத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுக்கலாம் என்று அவள் சொன்னாள். குடியிருப்பின் ஆறாம் பகுதி வரட்டும், பள்ளியும் கடைகளும் வந்துவிடும், விலை இரண்டு மடங்காகும் என்று அவன் சொன்னான். சிவில் இன்ஜினியரிங் படித்தவன். அவள் நம்பினாள்.

ஆறாம் பகுதி வந்தது. புது வீட்டைக் கம்பெனியே குறைந்த முன்பணத்துக்குக் கொடுத்தபோது பழைய வீட்டை யார் வாங்குவார்கள்? விற்க முடியாதவர்கள் பூட்டிவிட்டுப் போனார்கள். பள்ளி வரவில்லை. சாலையும் அகலமாகவில்லை. உலிசெஸ் கூட்டி வந்த ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவராவது விடிகாலையில் யரெட்சிக்கு முன்னால் வரிசையில் நின்றார். அவள் இன்னும் முன்னதாகக் கிளம்பினாள். நெரிசலுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று கோம்பிகள் இருட்டில் பறந்தன. ஒரு நாள் அவள் ஏறிய கோம்பி, விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் போய் மோதியது.

அவளுக்கான பிரார்த்தனைக்குக் கூடியிருந்தபோது, மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டார். என் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி சொல்லிவிட்டுப் போனாள் என்றான். மாமியார் அவன் நெற்றியை முத்தமிட்டு அழுதார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதியிடம் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னான்: நானும் இங்கேதான் குடியிருக்கேன், என் மனைவிக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

இன்றைக்கு வேனில் ஒரே ஒரு ஜோடி. நெரெய்தா, கமாலியேல். அவள் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை பார்க்கிறாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டதால் அறையைக் காலி செய்தாக வேண்டும்.

"ரெண்டு பேருதானா இன்ஜினியரே? காத்து வாங்குது வண்டி" என்றார் டிரைவர் தோன் எவெலியோ. "மீன் கொறஞ்சு போச்சா, இல்ல உஷாராயிடுச்சா?"

உலிசெஸ் வேன் கதவை இழுத்துச் சாத்தினான்.

மாதிரி வீட்டில் கமாலியேல் நேராகப் போய்க் கட்டிலில் சாய்ந்தான். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு சாண் குறைத்துச் செய்த கட்டில் அது. இதுவரை யாரும் அதில் படுத்ததில்லை.

"எந்திரி. உங்கம்மா வீடுன்னு நெனப்பா?"

"கால் வெளிய தொங்குதுடி."

"நீ வளந்தது தப்பு" என்று சிரித்தாள் நெரெய்தா. பிறகு சிரிப்பு நின்றது. கட்டிலைப் பார்த்தாள். அவனுடைய கால்களைப் பார்த்தாள். உலிசெஸைப் பார்த்தாள்.

"சார், நீங்களும் இங்கதான் இருக்கீங்களாமே. டிரைவர் சொன்னார். உங்க வீட்டுல அவங்களுக்கு இந்த இடம் பிடிச்சிருக்கா?"

"என் மனைவிக்கு" என்று ஆரம்பித்தான். மிச்ச வாக்கியம் தயாராக இருந்தது. மேசைமேல் பேனாவும் இருந்தது. அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதும் தெரியும்.

"இன்னைக்குக் கையெழுத்துப் போடாதீங்க. செவ்வாய்க்கிழமை வாங்க. வேன்ல இல்ல. நாலு மணிக்குக் கோம்பி வரிசையில நின்னு, இங்கேருந்து உங்க கடைக்குப் போய்ப் பாருங்க."

கமாலியேல் எழுந்து உட்கார்ந்தான். "முக்கா மணி நேரம்னீங்களே?"

"ஞாயித்துக்கிழமை முக்கா மணி நேரம்."



"அவங்க அப்படித்தான் போறாங்களா?" என்று நெரெய்தா கேட்டாள்.

"போயிட்டிருந்தா. அந்த வண்டியிலதான் செத்துப்போனா."

நெரெய்தா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒண்ணுமே சொன்னதில்லையா அவங்க, உங்கள?"

மாமியாரிடம் சொன்ன சிலுவை நினைவுக்கு வந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தக் கடைசி விடிகாலை யரெட்சி, சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள். அவன் கண்ணைத் திறக்காமலே விளக்குச் சுவிட்சுக்குக் கை நீட்டினான். அப்போது அவள் சொன்னதை, முதல்முறையாக, இன்னொருவருக்குச் சொன்னான்.

"லைட்டப் போடாத, நீ தூங்கு. நம்ம வீடு எப்படி இருக்குன்னு நான் ஞாயித்துக்கிழமை பாத்துக்கறேன்."