ஏழு தொட்டிப் பச்சை

மாதா திருநாளுக்கு இன்னும் பத்தே நாள். மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில் ஏழு பன்னீர் ரோஜாச் செடிகளும் கீரைப் பாத்தி மாதிரி தழைத்து நின்றன. ஒரு மொட்டுகூட இல்லை. வருஷா வருஷம் மாதாவுக்கு முதல் மாலை மர்சலின் வீட்டுப் பூவில்தான்.

"உரம் ஏதாச்சும் போட்டியா?" என்று கேட்டான் அவள் கணவன் மரியதாஸ்.

"யூரியாதான். வாரம் அரை ஸ்பூன். நீங்க எழுதினதப் பாத்துத்தானே போட்டேன்."

மரியதாஸுக்குச் சுருக்கென்றது. தேனாம்பேட்டை உரக் கம்பெனியில் விவசாயிகளுக்கு நோட்டீஸ் எழுதுவது அவன் வேலை. போன வருஷம், தொண்ணூற்றிரண்டில், மற்ற உரங்களின் விலை எகிறிவிட, யூரியா மட்டும் மலிவாக நின்றது. 'யூரியாவை இரட்டிப்பாக்கு, பயிரைப் பச்சையாக்கு' என்று இந்த வருஷ நோட்டீஸில் எழுதச் சொன்னார் மேனேஜர் ராஜகோபாலன். எழுதிவிட்டான். அச்சுக்குப் போகவேண்டிய அந்தப் புரூஃப் இரண்டு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. இன்று அவன் கையெழுத்துப் போட்டால் இருபதாயிரம் பிரதிகள் கிராமங்களுக்குப் போய்விடும்.

ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

"இன்னா நைனா, பூவே இல்லாத செடிய எங்க தூக்கினு போற?" என்றார் கண்டக்டர்.

"ஆபீசருக்குக் காட்ட."

ராஜகோபாலன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "பேஷ், என்ன பச்சை."

"நம்ம நோட்டீஸ்படி வளந்தது சார்."

"அப்போ இதையே படம் பிடிச்சுப் போட்டுடலாமே."

"பூ எங்கேன்னு கேப்பாங்க சார்."

ராஜகோபாலன் தொட்டியை நகர்த்தி வைத்தார். "குடோன் முழுக்க யூரியாய்யா."

"விக்கலாம் சார், அளவாப் போடச் சொல்லி. யூரியா வெறும் தழைச்சத்துதான்; பூக்கவும் காய்க்கவும் வேண்டிய மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சேக்கலேன்னா நெல்லும் இப்படித்தான், தழைச்சுச் சாஞ்சு பதராயிடும். இதுல நான் கையெழுத்துப் போடல."

ராஜகோபாலன் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "எங்காத்துச் செம்பருத்தியும் இதே லட்சணத்துலதான் நிக்கறது" என்று முணுமுணுத்தார். "சரி, மாத்தி எழுதிக் கொண்டா."

அந்த வருஷம் மாதாவுக்கு மாட வீதியில் வாங்கிய பூதான். திருநாள் முடிந்த மறுநாள் புது நோட்டீஸின் புரூஃபை மர்சலினிடம் நீட்டினான் மரியதாஸ். மூன்று சத்தும் எவ்வளவு என்று ஏக்கர் கணக்கில் இருந்தது.

இரண்டு தரம் படித்தாள். "எல்லா ஊரு மண்ணுக்கும் இதே அளவா?"

மரியதாஸ் பேனாவைத் திறந்தான். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக எழுதினான்: 'முதலில் உங்கள் மண்ணைப் பரிசோதியுங்கள்.'