தம்பி குறைத்த எடை

அக்காவின் கல்லீரல் கெட்டதற்குக் குடி காரணமில்லை. கொழுப்புதான். தெருவில் பாதிப் பேர் வயிற்றுக்குள் சும்மா கிடக்கிற அதே கொழுப்பு, அவளுக்குள் வருஷக்கணக்காகப் புகைந்து, கல்லீரலை வெறும் வடுவாக்கிவிட்டது. இனி வேறொருவர் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி வைத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். தம்பி 'மாமா' என்று கூப்பிடும் அவள் கணவருக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறவள். மிஞ்சியது தம்பி.

தம்பிக்கு லாரி எடைமேடையில் வேலை. சோதித்ததில் அவன் கல்லீரலிலும் கொழுப்பு இருந்தது.

"ஆரம்பம்தான். கொஞ்சம் கொஞ்சமா எடையைக் குறைச்சுட்டு வாங்க, எடுத்துக்கலாம்," என்றார் டாக்டர்.

அவன் மனதில் நின்றது எடை என்ற சொல் மட்டும்தான். லோடோடு வரும் வண்டியை நிறுத்துப் பார்க்க வேண்டியது, இறக்கியபின் நிறுத்துப் பார்க்க வேண்டியது, கழித்தால் சரக்கு. இத்தனை வருஷமும் செய்த வேலை அது. கொழுப்பும் ஒரு சரக்கு, இறக்கினால் போச்சு என்று எடுத்துக்கொண்டான். அக்காவின் கண் நாளுக்கு நாள் மஞ்சளாகும்போது கொஞ்சம் கொஞ்சமாவது ஒன்றாவது. சாப்பாட்டை அடியோடு நிறுத்தினான். தண்ணீரும் பால் விடாத டீயும்தான்.

எடைமேடை ஜன்னலில் எடைச் சீட்டு வாங்க வந்த டிரைவர் ஒருவர் கேலி செய்தார்.

"என்னப்பா, ஃபேன் காத்துல பறந்துடப் போற. பையில ரெண்டு கல்லு போட்டுக்க. பொண்ணு பாக்கப் போறியா?"

"அக்காவுக்கு ஈரல் தரணும்ணே. சீக்கிரம் இறக்கணும்."

டிரைவர் கையிலிருந்த பிஸ்கட்டை மறைத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்.

எடை மளமளவென்று இறங்கியது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கல்லீரலுக்குள் ஊசி விட்டு, சோதிக்க நூலளவு சதை எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் அவனையும் மாமாவையும் உட்காரச் சொன்னார்.

"கொழுப்பு குறைஞ்சிருக்கு."

தம்பி மாமாவின் கையைப் பிடித்து அழுத்தினான்.

"ஆனா செல்லெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. இத்தனை நாளா என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே சாப்பிடல சார்." பெருமையாகத்தான் சொன்னான்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "செல்லு சாகிறது உடம்புல தினமும் நடக்கிறதுதான். ஒழுங்கா சாகிற செல்லு சுருங்கி, துண்டு துண்டாப் பிரியும். பக்கத்துல இருக்கிறது எடுத்து முழுங்கிடும், தடயமே இருக்காது. உங்களுக்கு அப்படி இல்ல. வீங்கி, வெடிச்சு, உள்ள இருக்கிறதையெல்லாம் வெளியில கொட்டியிருக்கு. கொட்டினதுல பக்கத்து செல்லும் புண்ணாகுது. பட்டினி போட்டா உடம்பு மத்த இடத்துக் கொழுப்பையும் கரைச்சுக் கல்லீரலுக்குத்தான் அனுப்பும். ஏற்கெனவே நொந்து கிடந்தது, அத்தனையையும் எரிச்சுத் தள்ளித் தாங்கல."

"இப்ப சாப்பிட ஆரம்பிச்சா?"

"உங்களுக்குச் சரியாகலாம். மாசக்கணக்குல ஆகும்."

"அதுக்குள்ள வெட்டிடுங்க சார். எனக்கு என்ன ஆனாலும் சரின்னு எழுதித் தரேன்."

"எழுதித் தந்தாலும் வெட்ட மாட்டேன். வெட்டினா நீங்க பிழைக்கிறதே சந்தேகம். அவங்களுக்கு வச்சாலும் வேலை செய்யாது."

"அக்காவுக்கு மாசக்கணக்கு இருக்கா சார்?"

டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

வீட்டில் அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். நீர் கோத்து வயிறு மேடாகியிருந்தது. வாசலில் நின்ற இரண்டு முகங்களையும் பார்த்தாள்.

"யாரைப் புதைச்சிட்டு வர்றீங்க ரெண்டு பேரும்?"

தம்பி எதையும் மறைக்காமல் சொன்னான். "அவசரப்பட்டுட்டேன்கா."

"கடைக்குப் போடான்னா நாலு தடவை சொல்லணும் உனக்கு. இதுக்கு மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு இவ்வளவு சுறுசுறுப்பு?" சிரிக்கப் பார்த்தாள், மூச்சு வாங்கியது. "போய் முதல்ல சாப்பிடு."

அவன் நகரவில்லை.

மாமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தார். "உன் சித்தப்பா பையன்?"

"குடிக்கிறான்."

"அவன் தங்கச்சி?"

"பச்சை உடம்புக்காரி. கேக்கவே கேக்காதீங்க."

"உன் அத்தை பையன்?"

"அவன் வயிறு என் வயித்துக்கு அண்ணன்."

மாமாவின் விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனது. சொந்தக்காரர்கள் தீர்ந்து, குழாய் ரிப்பேர், கேஸ் சிலிண்டர், பள்ளி வேன் என்று வந்தது. அவர் அதையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அக்கா கையை நீட்டிப் போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.