நடந்து போன கோல் கோடு

கரமனை ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிக்கொண்டு சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆரியசாலையில் நாற்பத்தோரு வருஷம் கயிறு விற்றவன் நான். விற்றேனே தவிர, திரித்ததில்லை.

1999, ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. போலந்து தேசத்துச் சின்ன ஊர் ஒன்றின் பெண்கள் கால்பந்துக் குழு திருவனந்தபுரம் வந்திருந்தது. அந்த ஊரின் பெயரைச் சொல்லப் பல் வரிசையாக இருக்கவேண்டும். என்னிடம் மிச்சம் நாலு. குழுவின் கேப்டன் ஹலினாவுக்கு முதுகுவலி. கோவளத்தில் எண்ணெய்ச் சிகிச்சைக்குப் புறப்பட்டாள். கேப்டனைத் தனியே அனுப்புவது அந்த ஊரில் வழக்கமில்லையாம். தபால்காரி, ரொட்டிக் கடைக்காரி, பன்றிப் பண்ணை அக்கா தங்கை என்று மீதிப் பத்துப் பேரும் கூடவே விமானம் ஏறிவிட்டார்கள்.

கரமனையில் எங்கள் பெண்களுக்கும் ஒரு குழு இருந்தது. கோல் காப்பவள் எலிசாள், பாறசாலைப் பக்கத்துக்காரி, தையல் கடையில் வேலை. முன்னே நின்று அடிப்பவள் ஸ்ரீலக்ஷ்மி, அக்ரஹாரத்துப் பெண். ஆற்றோர மைதானத்தில் காலை ஆறு முதல் ஏழு வரை அவர்களுடையது. இருபத்துநாலு மணி நேரத்தில் ஒன்றே ஒன்று! அதையும் பிடுங்கத்தான் மைதானக் கமிட்டிச் செயலாளர் தாசையன் கிளம்பினார். ஆண்கள் அந்த நேரத்தில் நடைபழக வேண்டுமாம். ஊரில் ரோடா இல்லை?

"வெள்ளைக்காரியளை ஜெயிச்சுக் காட்டுங்க," என்றார் எல்லார் முன்னாலும். "ஜெயிச்சா அந்த ஒரு மணிக்கூர் உங்களுக்கு. தோத்தாலும் சமமானாலும் வீட்டுல போய்ப் பந்து உருட்டுங்க."

அந்தச் சனிக்கிழமை, ஆட்டத்தன்று காலை, கோடு போடச் சுண்ணாம்புப் பொடி கேட்கப் போனாள் எலிசாள். கொட்டகையில் பதினாலு மூட்டை அடுக்கியிருந்தது, என் கண்ணால் எண்ணினேன்.

"அது ஆம்பிளையளுக்க கப்புக்கு வச்சதாக்கும்," என்றார் தாசையன். "பொம்பிளை ஆட்டத்துக்குக் கோடு எதுக்கு? உத்தேசமா ஆடுங்க."

உத்தேசமாகவாம்! இவர் கல்யாணத்தில் தாலியை உத்தேசமாகவா கட்டினார்?

ஸ்ரீலக்ஷ்மியின் அம்மா பார்வதியம்மாள் அக்ரஹாரத்தில் வீடு வீடாகக் கோலமாவு டப்பாவைத் தட்டி, ஒரு பெரிய அண்டா நிறைய அரிசிமாவோடு வந்தாள். குனிந்தவள் நிமிராமல் மைதானம் முழுக்கக் கோடு இழுத்தாள். நூல் பிடித்தது மாதிரி. ஆனால் கோட்டை மொட்டையாக விட அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு பெனால்டி பெட்டிக்குள்ளும் இருபத்தொரு புள்ளிச் சிக்குக்கோலம் போட்டுவிட்டாள்.

நடுவரையும் கமிட்டி தரவில்லை. பார்வதியம்மாளின் கணவர், ரிட்டயரான ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் வெங்கடசுப்ரமணியன்தான் ஊதினார். விசில் வைத்திருந்தவர் அவர் ஒருவரே என்பதால் போலந்துக்காரிகளும் ஒத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கோலத்தைப் பார்த்ததும் பூஜை இடம் என்று நினைத்துவிட்டார்கள். பெட்டியின் ஓரத்துக்கு வந்ததும் நின்று, பூட்ஸைக் கழற்றி, வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். பன்னிரண்டாம் நிமிடம் அவர்களுடைய தடுப்புக்காரிகள் நாலு பேர் லேஸ் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஸ்ரீலக்ஷ்மி உள்ளே போய் ஒரு கோல் போட்டாள்.

இடைவேளைக்குப் பிறகு எறும்பு வந்தது. அரிசிமாவு அல்லவா? எலிசாள் பக்கத்துக் கோல் கோட்டை எறும்புகள் ஆளுக்கொரு பொடியாகத் தூக்கிக்கொண்டு, வலைக்குப் பின்னாலிருந்த புற்றைப் பார்த்து நடந்தன. வளையவில்லை, உடையவில்லை. இருபத்துநாலடிக் கோடு அப்படியே நகர்ந்து வலைக்குள் போனது.

கடைசி நிமிடம். ஹலினா வெறுங்காலால் ஓங்கி அடித்தாள். எலிசாள் பின்னால் பாய்ந்து, கோல் தூணைத் தாண்டி முக்கால் முழம் உள்ளே போய்ப் பந்தைப் பிடித்தாள்.

"கோல்!" என்று குதித்தவர் யார்? போலந்துக்காரியா? இல்லை, எங்கள் தாசையன்!

"தூணுக்கு உள்ள போயாச்சு! கண்ணு தெரியலியா சாமி?"

"தூணு கெடக்கட்டு," என்றாள் எலிசாள். "கோட்டுக்கு இந்தப் பக்கம் வச்சாக்கும் நான் பிடிச்சேன்."

"கோடு எங்க இருக்கு?"

"அன்னா நடக்குல்லா!"

வெங்கடசுப்ரமணியன் குப்புறப் படுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து இரண்டு தடவை படித்தார்.

"பந்து முழுசாக் கோட்டைத் தாண்டணும்னு போட்டிருக்கு. தாண்டலை. கோடு நகரப்படாதுன்னு எங்கேயும் போடலை."

"ஏன்னா, எழுந்திருங்கோ," என்று பார்வதியம்மாள் ஓரத்திலிருந்து கத்தினாள். "வேஷ்டியெல்லாம் எறும்பு!"

"எடுங்கலே சுண்ணாம்பு மூட்டையை!" என்று தாசையன் கூவினார். "கோடு எங்கன்னு இப்பக் காட்டுதேன்!"

எலிசாள் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"காலையில கேட்டப்ப தந்திருந்தா இந்தப் பாடு உண்டா? சுண்ணாம்பை எந்த எறும்பு திங்கும்? நீங்களே சொல்லுங்க!"

அதற்குள் ஹலினாவும் தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். முதுகுவலிக்காரி! எழுந்து, கோல் இல்லை என்று தலையை இடமும் வலமும் ஆட்டி, எலிசாளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வெங்கடசுப்ரமணியன் கடைசி விசில் ஊதினார். ஒன்றுக்குச் சுழி, ஜெயம் எங்களுக்கு.

சொன்ன வார்த்தையை அறுபது பேர் கேட்டிருந்ததால் தாசையனால் விழுங்க முடியவில்லை. திங்கட்கிழமை மைதானப் பலகையில் 'ஆறு முதல் ஏழு வரை பெண்கள்' என்று எழுதிவைத்தார். அதையும் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கமுடியாத எழுத்தில் எழுதினார், அந்த மனுஷர்! படிக்க முடியாவிட்டால் என்ன, எங்கள் பெண்கள் ஆறு மணிக்கு உள்ளே இருந்தார்கள்.

இன்னொரு சத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன்: ஆட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை கரமனையில் விடியுமுன்னே பிடித்த மழை, இருட்டும்வரை ஒரு நிமிடம்கூட விடவில்லை.