பொய் சொன்னவர்கள் போகும் இடம்

மகள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் யாரோ நீல மார்க்கரால் நாய் வரைந்திருந்தார்கள். அப்போது வீட்டில் இருந்ததே மூன்று பேர். மகள் வாஷிங் மெஷினிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளுக்கு ஐந்து வயது, விரலெல்லாம் நீல மை.

"நான் வரையல தாத்தா."

"அப்போ நாய் தானா வந்து ஒட்டிக்கிச்சா?"

"ஆமா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "பொய் சொல்றவங்க செத்தப்புறம் எங்க போவாங்க தெரியுமா? அங்க ஒரு பெரிய இரும்புக் கதவு இருக்கும்..."

"அப்பா, அதைச் சொல்லாதீங்க."

மகள் கத்தவில்லை. ஆனாலும் ஈரத்துணியோடு அவள் வந்து நின்ற தோரணையில் அவர் பேச்சு பாதியில் நின்றது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"விளையாட்டுக்குத்தானேம்மா" என்றார்.

"எங்களுக்கும் விளையாட்டுக்குத்தான் சொன்னீங்க."

அவர் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பாய்லர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுக்க நீராவி வேண்டும். அது தடைப்படாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடம் லீவு, மனைவிக்கும் வேலை. பிள்ளைகள் இருவரையும் கூடவே அழைத்துப்போனார். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. அவர்களை எட்ட நிறுத்தி, பாய்லர் உலையின் இரும்புக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே நெருப்பு உறுமிக்கொண்டிருந்தது.

"நரகம் இப்படித்தான் இருக்கும். பொய் சொன்னவங்களை உள்ள தள்ளிக் கதவைச் சாத்திடுவாங்க."

அவருக்கு நரகத்திலும் நம்பிக்கை கிடையாது, சொர்க்கத்திலும் கிடையாது. பயமுறுத்திக் கதை சொல்வது மட்டும் கைவந்த கலை. பிள்ளைகள் முகம் வெளுத்ததை ஒரு வாரம் கேன்டீனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"நம்ம ரேடியோ ஞாபகம் இருக்கா?" என்று மகள் கேட்டாள்.

இருந்தது. அலமாரியிலிருந்து விழுந்து நொறுங்கிப்போனது. யார் உடைத்தது என்று அதட்டியபோது மகன் "நான்தான்" என்றான். காதைத் திருகினார். பத்து நாளில் அவனுக்குக் காய்ச்சல் வந்து மூளைக்கு ஏறியது. நான்காம் நாள் அதே மருத்துவமனையில் இறந்துபோனான்.

"உடைச்சது நான்ப்பா. நீங்க அடிப்பீங்கன்னு அழுதேன். 'நான் உடைச்சேன்னு சொல்லிக்கறேன், நீ அழாதக்கா'ன்னான்."

"அட, அது ஓட்டை ரேடியோ. போனா போகுதுன்னு விடுவியா, இத்தனை வருஷமா அதையே நினைச்சுக்கிட்டு..."

"இப்ப சொல்றீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய் சொல்லிட்டுச் செத்தான். எனக்காகச் சொன்ன பொய். அவன் எங்க போயிருப்பான்னு நான் யாரையும் கேட்கவே இல்ல. நீங்கதான் காட்டியிருந்தீங்களே. பத்தொன்பது வயசு வரைக்கும் நான் அடுப்புப் பத்தவைக்கல. சோம்பேறின்னு திட்டுவீங்க."

திட்டியிருக்கிறார். மாமியார் வீட்டில் உன் வண்டவாளம் தெரியும் என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறார்.

"நரகம்னு ஒண்ணு கிடையாதும்மா."

"எனக்கும் தெரியும். நாப்பத்தொரு வயசாச்சு, தெரியாம இருக்குமா? புத்திக்குத் தெரியுது, வயித்துல அப்படியே கிடக்குது."

அப்போதுதான் அவருக்கு அந்தக் காய்ச்சலின் மூன்றாம் நாள் நினைவுக்கு வந்தது. ஷிஃப்ட் முடிந்து, எண்ணெய்க் கறை பட்ட சட்டையோடு மாடியேறி வார்டுக்குப் போனார். மகன் கண் திறந்து பார்த்தான். "அப்பா, அந்தக் கதவு உள்ள இருந்து தொறக்குமா?" என்றான். வார்டுக் கதவைக் கேட்கிறான், எழுந்து ஓடப் பார்க்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார். "தொறக்காது. பேசாமத் தூங்கு" என்றார். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வேறெதுவும் கேட்கவில்லை. காய்ச்சல் வேகத்தில் பிதற்றினான் என்றுதான் முப்பத்திரண்டு வருடமாக நினைத்திருந்தார். உறவுக்காரர்களிடம் அப்படியே சொல்லியும் இருக்கிறார்.

எந்தக் கதவு என்று இப்போது தெரிந்துவிட்டது.

"கடைசில நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க? என்னை உள்ள விடல" என்றாள் மகள். "பயந்தானாப்பா?"

அவர் நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தார்.

"இல்லம்மா. உன்னைத்தான் கேட்டான். அக்கா சாப்பிட்டாளான்னான். சாப்பிட்டாச்சுன்னேன். சிரிச்சுக்கிட்டே தூங்கிட்டான்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவள் ஈரத்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் அவள் தோளில் வைத்தார்.

மகனை அடக்கம் செய்த அன்று, பிரார்த்தனை சொல்ல வந்த பெரியவரை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். செத்தால் எல்லாம் முடிந்தது என்றார். அது ஒன்றுதான் அவருக்கு ஆறுதலாகவும் இருந்தது. இப்போது, மகள் வீட்டிலிருந்து கிளம்பிப் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, எல்லாம் முடிந்துபோயிருக்கக் கூடாதே என்று முதல்முறையாக ஆசைப்பட்டார். சொர்க்கமோ நரகமோ, எங்கேயாவது பிள்ளை இருந்தால் போதும். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். அப்படி ஓரிடம் இருப்பதாக அவரால் நம்ப முடியவில்லை. இரண்டு பஸ் வந்து போயின. ஏறத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது மகள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி அன்னைக்கு என்ன சொன்னான்ப்பா? இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். போன வாரம் எந்த வார்த்தையில் சொன்னோம் என்று யோசித்து, அதே வார்த்தையில் சொன்னார்.