என் மூளைக்கு இரண்டு வக்கீல்கள்

ஐந்து மாடி ஏறி வந்த அக்காவுக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்துல லிஃப்ட் ஓடல. உங்க தொழிலுக்கு இதைவிட விளம்பரம் வேணுமா மாப்பிள்ளை?"

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. "கன்ட்ரோல் போர்டுல ரிலேன்னு ஒரு சுவிட்ச் மேல சந்தேகம். கழட்டி வச்சிருக்கேன். அது இல்லாமலே ஓடினா தேவையில்லாத பார்ட்டுன்னு அர்த்தம்."

"ஓடுதா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்."

நான் சாப்பாட்டு மேசையில் ஒரு கல்யாணக் கேக்கோடு போராடிக்கொண்டிருந்தேன். மூன்றடுக்கு. சாயங்காலத்துக்குள் மண்டபத்துக்குப் போயாக வேண்டும். கேக் அலங்காரம்தான் என் பிழைப்பு. கண்ணை மூடிக்கொண்டு க்ரீமில் ரோஜா போடுவேன் என்று பீற்றிக்கொள்வதுண்டு. அன்று கண்ணைத் திறந்து வைத்தும் ஒன்றுகூட நிற்கவில்லை. பார்வையைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும், தலைக்குள் சுளீரென்று ஒரு ஷாக். அறை ஒரு நொடி பின்தங்கி வந்து சேரும். அதற்குள் ரோஜா முட்டைக்கோஸ் ஆகியிருக்கும்.

"கை ஏன்டி இப்படி நடுங்குது?"

"உன் புண்ணியத்துல" என்றேன்.

அக்கா டாக்டர் பட்டம் வாங்கியவள்; ஆராய்ச்சிக்கூடத்தில் மூளை செல்களை வளர்த்து, மனச்சோர்வு மருந்துகள் அவற்றை என்ன செய்கின்றன என்று பார்ப்பவள். போன மாதம் ஒரு மேடையில் பேசினாள். "செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை." அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரோ வெட்டி இணையத்தில் போட, அது சுற்றிச் சுற்றி என் வீட்டுக்காரர் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நாள் ஃப்ரிட்ஜ் மேலிருந்த என் மனச்சோர்வு மாத்திரைப் பட்டை அவருடைய டூல் பெட்டிக்குள் போய்விட்டது. "உங்க அக்காவே சொல்லிட்டாங்க. உன்கிட்ட எதுவும் குறையல."

அவர் அதைச் சொன்ன விதத்தில் நான் உருகித்தான் போனேன். எதுவும் குறையில்லை என்று கட்டினவன் சொன்னால் எவளுக்குத்தான் பிடிக்காது? பல மாதமாக விழுங்கிய மாத்திரையை ஒரே நாளில் விட்டேன். ஒரு வாரமாக அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் சிவந்தது. "மாத்திரையை ஒளிச்சு வைக்க நீங்க யாரு?"

"புருஷன். நீங்க சொன்னதைத்தானே டாக்டரம்மா செஞ்சேன்?"

"காரணம் அது இல்லைன்னு சொன்னேன். மருந்து வேலை செய்யலைன்னு சொன்னேனா?"

"போர்டுல கோளாறே இல்லைன்னா போர்டை எதுக்கு மாத்தணும்?"

"இது போர்டு இல்ல, மூளை!"

"உங்களுக்கு மட்டும்தான் மூளை இருக்குன்னு தெரியுமே."

நான் கெட்டுப்போன ரோஜாவை வழித்துக் கிண்ணத்தில் போட்டேன். இருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா அவர் பாஷையிலேயே பேசிப் பார்த்தாள். "உங்க லிஃப்ட்ல ஆள் ஜாஸ்தியானா கத்துற ஓவர்லோட் சென்சார் இருக்கில்ல? அதே மாதிரி செரட்டோனினை அனுப்புற செல் மேல ஒரு காவலாளி உண்டு. மாத்திரை போட்டதும் செரட்டோனின் கூடுது. காவலாளி 'ஜாஸ்தி, ஜாஸ்தி'ன்னு கத்தி செல்லையே அடக்கிடும். அதனாலதான் ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது. வாரக்கணக்கா கத்திக் கத்தி அது ஓய்ஞ்ச பிறகுதான்..."

"ஓவர்லோட் சென்சாரை ஓய வைக்கிறீங்களா? கயிறு அறுந்து கொலைக்கேசு ஆகும்!"

எனக்கு இருந்த எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. அக்கா உதாரணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகவே சொன்னாள்.

"சரி, கேளுங்க. ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்ல, நடுவுல இருக்கிற இடைவெளியில செரட்டோனினை விடுது. சொல்லி முடிச்சதும் ஒரு புரதம் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கும். மாத்திரையோட மூலக்கூறு அந்தப் புரதத்துக்குள்ள போய் அடைச்சுக்குது. சேதி கொஞ்சம் கூடுதலா நிக்குது. முதல் நாளே இது நடந்துடும். ஆனா செல்கள் அதுக்கேத்த மாதிரி தங்களை மாத்திக்க வாரங்கள் ஆகுது. காவலாளி வேலை குறையுது. வளர்ச்சிக்கான புரதம் கூடுது. புது இணைப்புகள் முளைக்குதுன்னு விலங்குகள்ல பார்த்திருக்கோம். இவ செல்லெல்லாம் மாத்திரையோட வாழப் பழகிடுச்சு. நீங்க திடீர்னு அடைப்பை எடுத்துட்டீங்க. அந்த ஷாக் அதனாலதான்னு நினைக்கிறோம்."

"நினைக்கிறோம்!" அவர் எழுந்தே விட்டார். "அப்போ உறுதியா தெரியாது?"

"பாதி தெரியும்."

"பாதி தெரிஞ்ச லிஃப்ட்ல நான் ஒரு ஆளை ஏத்த மாட்டேன். நீங்க என் பொண்டாட்டியை ஏத்திட்டீங்க. விட்டா கை நடுங்குது, ராத்திரி தூக்கமில்ல, தொட்டதுக்கெல்லாம் அழுகை. இதுக்குப் பேரு போதை!"

"போதைன்னா இன்னும் வேணும், இன்னும் வேணும்னு தேடும். இவ தேடினாளா? பெட்டியில இருக்குன்னு தெரிஞ்சும் தொடலையே! நீங்களும் உங்க..."

க்ரீம் பையை மேசையில் ஓங்கி அடித்தேன். பிதுங்கிய க்ரீம் அவர் சட்டையிலும் அக்காவின் மூக்குக்கண்ணாடியிலும் சரிசமமாகத் தெறித்தது.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

மூடினார்கள்.

"மாத்திரைக்கு முன்னாடி மாசக்கணக்கா கேக்குக்காக எலுமிச்சைத் தோலைச் சீவிக்கிட்டிருந்தேன். வாசனையே தெரியல. மரத்தூளைச் சீவுற மாதிரி இருந்தது. மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரமோ நாலு வாரமோ, ஒரு நாள் காலையில சீவுறேன், மூக்குல ஏறுது. அங்கேயே நின்னு அழுதேன். உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல. சொன்னா நீ குறிப்பெடுப்பே, இவரு கேலி பண்ணுவாரு. இப்போ மறுபடியும் அந்த வாசனை போயிட்டிருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

அவர் சட்டையைத் துடைப்பதை நிறுத்தினார். "அந்த மாத்திரை சாப்பிட்டதிலிருந்து நீ என் பக்கம் திரும்பிக்கூடப் படுக்கல" என்றார் தரையைப் பார்த்து. "என்மேல இருந்ததையும் சேர்த்து அது அழிச்சிடுச்சோன்னு..."

அக்கா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆக, இதுதான். செரட்டோனினும் இல்லை, சென்சாரும் இல்லை. பாவமாக இருந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக இருந்தது.

"அதை என்கிட்ட கேட்டிருக்கணும். டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம். அந்த மாத்திரையால அப்படி ஆகிறது உண்டு. அளவையோ மருந்தையோ மாத்துவாங்க. அதை விட்டுட்டு, தேவையில்லாத பார்ட்டான்னு என் தலையில கழட்டிப் பார்த்தீங்க. கீழே லிஃப்ட் ஓடுதா?"

அவர் பார்வை டூல் பெட்டிக்குப் போனது.

"நீயும்தான்" என்று அக்கா பக்கம் திரும்பினேன். "மேடையில பாதியைச் சொல்லிட்டு வந்துட்டே. மீதியைச் சொல்ல இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சதா?"

அவள் கண்ணாடியில் க்ரீமோடு நின்றாள்.

அவர்கள் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டேன். நடந்ததைக் கேட்டு அவர் திட்டவில்லை. பழைய அளவையே இன்று தொடங்கச் சொன்னார். நாளைக்குக் கணவரையும் கூட்டி வரச் சொன்னார். நிறுத்துவதானால் கொஞ்சம் கொஞ்சமாக, தன்னைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றார். கை நீட்டினேன். என் வீட்டுக்காரர் டூல் பெட்டியைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவருக்கடியில் கிடந்த பட்டையை எடுத்தார். ஆயில் கறையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். விழுங்கினேன். ஷாக் உடனே நிற்குமா என்ன? அடுத்த ரோஜாவும் முட்டைக்கோஸ்தான். ரோஜாக்களை விட்டுவிட்டு, கேக்கைச் சுற்றி நடுக்கம் தெரியாத அலை அலையான வரிகளாகப் பூசி முடித்தேன்.

பிறகுதான் லிஃப்ட் ஞாபகம் வந்தது.

"தூக்குங்க" என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்து. அஞ்சு மாடி. ஒரு பக்கம் சாஞ்சாலும் ரெண்டு பேரும் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது."

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க பக்கம் தாழுது டாக்டரம்மா."

"நீங்க ஏன் ஓடுறீங்க? மெதுவா இறங்குங்க மாப்பிள்ளை."

"மெதுவாத்தான் இறங்கறேன்."

"இன்னும் மெதுவா."