ஏழு நாள் முகம்

குருவிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் பிரிக்க மாட்டாள். பூட்டிய கதவை நாலடி நடந்த பிறகு திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். யாராவது "இன்னைக்கு நல்லா இருக்கியே" என்று சொல்லிவிட்டால் போதும், இவங்களுக்கு என்கிட்ட என்ன காரியம் ஆகணும் என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்துகொள்வாள். அழகு நிலையத்தில் நாள் முழுக்க நல்ல வார்த்தை சொல்லியும் கேட்டும் பிழைக்க வேண்டிய பெண்ணுக்கு இப்படி ஒரு குணம். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. புருவம் திருத்த நூலை எடுத்தால் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் தண்ணீர் வராது.

ஆள் சின்னதாக இருந்துகொண்டு ஓயாமல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதால் குருவி என்று பெயர் வைத்தது வாக்ஸ் அக்கா. மெழுகை உருக்கி, கை கால் மேலுதட்டு ரோமம் எடுப்பது அக்காவின் வேலை. கடை திறந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். மெழுகு உருக்கும் ஹீட்டர்கூட அவள் சொந்தக் காசில் வாங்கியது. உருகிய மெழுகைத் தன் இடது மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் அடுத்தவர் தோலில் தடவமாட்டாள். அதனால் அந்த இடம் மட்டும் எப்போதும் வழவழவென்று இருக்கும்.

கடை முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடம் இரண்டாவது கடை திறக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் பின்னறையில் பேச்சே மாறிப்போனது. அந்தக் கடையைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? மூப்பு என்று பார்த்தால் அக்கா. மேடமோ குருவியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உன்கிட்டதான் குடுக்கலாம்னு இருக்கேன். ஆனா இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படிம்மா? நம்ம மூஞ்சிதான் நமக்கு போர்டு."

குருவியின் இரண்டு கன்னத்திலும் பரு. 'ஏழே நாளில் பரு போயே போச்சு' என்று கண்ணாடிக் கதவில் விளம்பரம் ஒட்டியிருக்கிற பேசியலை மேடமே அவளுக்குப் பலமுறை போட்டுவிட்டாள். இருந்த பரு தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்ததுதான் மிச்சம். கடைப் பொருளைத் தவிர வேறு எதையும் வேலைக்காரர்கள் முகத்தில் தடவக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். அதனால் குருவி ஒரு விடுமுறை நாளில் முக்காடு போட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா ஒரு சின்ன டியூபை எழுதிக்கொடுத்தாள். "ராத்திரி ஒரு பட்டாணி அளவுதான், முகம் முழுக்க அதே போதும். மொத சில வாரம் ஜாஸ்தியான மாதிரி தெரியும், தோல் உரியும், பயந்துடாத. நல்லா தெரிய மூணு மாசம் ஆகும்."

மூணு மாசமா? குருவியின் காது அங்கேயே அடைத்துக்கொண்டது. ஒரு பருவுக்கு மூணு மாசம் கேட்கிற டாக்டரை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்? மூணு மாசம் நடக்கவைத்து, வரும்போதெல்லாம் பீஸ் வாங்கத்தான் இந்தக் கணக்கு என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா இன்னும் ஏதோ சொன்னாள். குருவி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

பட்டாணி அளவு என்பதையும் அவள் நம்பவில்லை. கொஞ்சம் போட்டால் மூணு மாசம் என்றால் நிறையப் போட்டால் சீக்கிரம் போகாதா? நெல்லிக்காய் அளவு எடுத்து அப்பினாள். நாலு வாரத்தில் முகம் சிவந்து, மூக்கோரம் செதில் செதிலாக உரிந்து, இல்லாத இடத்திலெல்லாம் பரு கிளம்பியது. டியூபும் பாதி காலி. இத்தனை சீக்கிரம் டியூப் எப்படிக் காலியாகும், யாரோ கைவைக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு சந்தேகம். அப்புபவளும் அவளே, காலியாகிறதே என்று திகைப்பவளும் அவளே.

அந்த யாரோ யார் என்பது ஒரு மத்தியானம் தெரிந்துவிட்டதாக அவள் நினைத்தாள். சாப்பிட்டுவிட்டுப் பின்னறைக்கு வந்தால், வாக்ஸ் அக்கா குருவியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எங்கேயும் வைக்க நம்பாமல் கூடவே சுமக்கிற டியூப் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

"ஹீட்டர் பக்கத்துல வச்சிருக்கியே, மெழுகு தெறிச்சா போகுமா? அதான் எடுத்து மாட்டுறேன்" என்றாள் அக்கா. பிறகு குருவியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன்டி, மூக்கெல்லாம் இப்படி உரியுது? என்ன போடுற?"

"தண்ணிதான் போடுறேன்."

குருவி பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். புதுக் கடை அக்காவுக்குப் போகவேண்டியது, நமக்கு வருகிறது. நம் முகம் கெட்டால் யாருக்கு லாபம்? ரோமம் எடுக்கிற கிரீமை டியூபுக்குள் கலந்து வைத்தால் யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து பையை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அக்கா கலந்து கொடுத்த காப்பியை வாய் கொப்பளிக்கும் தொட்டியில் கொட்டினாள். அக்காவின் ஒவ்வொரு பார்வையிலும் ஒரு குற்றம் தெரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, புதுக் கடை போர்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று மேடம் எல்லோரையும் முகத்தைச் சரிசெய்துகொள்ளச் சொன்னாள். மேடம் எதிரில் மறுக்க வழியில்லாமல், மேலுதட்டு ரோமம் எடுக்கக் குருவி நாற்காலியில் சாய்ந்தாள். அக்கா மெழுகை மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றாள். மேடம் பக்கத்திலேயே இருந்தாள்.

"மூஞ்சியில ஏதாச்சும் மருந்து போடுறியா குருவி? போட்டா சொல்லிடு. மெழுகு வைக்கக் கூடாது."

மேடத்தை வைத்துக்கொண்டு கேட்கிறாள் பார், போட்டுக்கொடுக்கத்தானே! குருவி அக்காவின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "இல்லையே. நம்ம பேசியல் மட்டும்தான்."

அக்கா மெழுகைத் தடவித் துணியை ஒட்டி இழுத்தாள். ரோமத்தோடு தோலும் சேர்ந்து வந்தது. மேலுதட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்புச் சதை. குருவி போட்ட சத்தத்தில் அடுத்த நாற்காலியில் இருந்தவர் எழுந்துவிட்டார்.

"சூடு பார்க்கத் தெரியாதா? இத்தனை வருஷமா என்ன கத்துக்கிட்ட?" மேடம் கத்தினாள்.

"சூடு சரியாத்தான் இருந்துச்சு மேடம். அவ ஏதோ மருந்து போடுறா, தோலைப் பார்த்தாலே தெரியுது."

"அவதான் இல்லைங்கிறாளே!"

எல்லோரும் குருவியைப் பார்த்தார்கள். குருவி ஈரத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். அதோடு அக்காவின் வேலை போயிற்று. அன்று சாயங்காலமே ஹீட்டரைக்கூட எடுக்காமல் படியிறங்கிப் போனாள்.

டியூபும் கையுமாகக் குருவி டாக்டரம்மாவிடம் ஓடினாள், ஒருத்தி இதில் எதையோ கலந்துவிட்டாள் என்று. டாக்டரம்மா டியூபை அமுக்கிப் பார்த்தாள், அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள், எவ்வளவு போடுகிறாள் என்று கேட்டாள்.

"யாரும் எதையும் கலக்கல. நீதான் அள்ளிப் பூசியிருக்க. இந்த மருந்து போடறப்போ மேல்தோல் லேசாகிடும், வாக்ஸ் பண்ணவே கூடாதுன்னு மொத நாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. தலைய ஆட்டினியே!"

குருவி காதை அடைத்துக்கொண்டு பீஸ் கணக்குப் போட்டபோது டாக்டரம்மா சொன்ன 'இன்னும் ஏதோ' அதுதான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். நாளைக்கே மேடத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அந்த நாளை வரவேயில்லை. டாக்டரம்மா சொன்னபடி புண் ஆறும்வரை மருந்தை நிறுத்தினாள், பிறகு பட்டாணி அளவு என்றால் பட்டாணி அளவு. ஒரு வாரம் பார்த்தால் அப்படியே இருக்கும். இன்னொரு வாரம் ஒரு பரு குறைந்த மாதிரி தோன்றும், வெளிச்சம் ஏமாற்றுகிறதோ என்று ஜன்னல் ஜன்னலாகப் போய் நின்று பார்ப்பாள். மருந்து ஆரம்பித்து இரண்டு மாதம் தாண்டியதும் புதிதாகப் பரு வருவது நின்றது. மூன்று மாதம் ஆனபோது கன்னம் துடைத்து வைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது.

பார்க்கிறவர்கள் எல்லோரும் நல்லா இருக்கே என்றார்கள். இந்த முறை அவர்கள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மேடம் அந்த முகத்தைப் படம் பிடித்துப் புதுக் கடை போர்டில் ஆளுயரத்துக்குப் போட்டாள். கீழே பெரிய எழுத்தில் 'ஏழே நாளில்'. சாவி அடுத்த வாரம் குருவி கைக்கு வரும்.

அந்தச் சமயத்தில்தான் வாக்ஸ் அக்கா வந்தாள். வீட்டிலேயே தொழிலை ஆரம்பித்துவிட்டாளாம், ஹீட்டர் வேண்டுமாம். மேடம் பின்னறைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு வாடிக்கையாளரிடம் திரும்பினாள். போர்டைப் பார்த்துவிட்டு வந்த ஒரு அம்மா அவர். தன் மகள் பருவுக்கு வெட்கப்பட்டு வெளியே போவதையே விட்டுவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நெஜமாவே ஏழு நாள்லயா?" அந்த அம்மாவின் கண்ணில் இருந்த சந்தேகத்தைக் குருவிக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

"கண்ணெதிர்லயே நிக்கிறாளே, கேளுங்க" என்றாள் மேடம்.

"நீ சொல்லும்மா. எத்தனை நாள்ல போச்சு?"

பின்னறை வாசலில் அக்கா குனிந்து ஹீட்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏழு என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை.

"மூணு மாசம்மா" என்றாள் குருவி. "டாக்டர் குடுத்த மருந்து. இங்க போட்ட பேசியல்ல போகல."

மேடத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒயரைச் சுற்றிய கையும் நின்றது. அக்கா நிமிர்ந்து குருவியின் கன்னத்தைப் பார்த்தாள், பிறகு மேலுதட்டைப் பார்த்தாள். உதடு அசைய மாசங்களைப் பின்னோக்கி எண்ணினாள்.

"அப்ப அந்தச் செவ்வாக்கிழமை?"

"போட்டுட்டுத்தான் இருந்தேன்க்கா. நீ கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

அழுதுவிடுவாள், அறைந்துவிடுவாள், எதற்கும் குருவி தயாராக நின்றாள். அக்கா அவளைத் தாண்டி நடந்தாள். ஹீட்டரை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடத்தின் முன்னால் போய் நின்றாள். இடது மணிக்கட்டைத் திருப்பி நீட்டினாள்.

"சூடு சரியாத்தான் இருந்துச்சு மேடம்" என்றாள்.